முறைக் கரண்டு

தாராபுரத்துக்குத் தெற்கே, கரண்டு எடுக்கும் காத்தாடிகள் நட்டு வைத்த மேட்டுக்காட்டுக்கு நடுவில் இருக்கிற எங்கள் ஊரில், லைசன்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், சாவி கேட்டு யார் முன்னாடியும் நிற்க வேண்டாம் என்று ஏழு பொம்பளைகள் ஒரே வருசத்தில் ஏழு சார்ஜ் வண்டி வாங்கினோம், வாங்கிய பிறகுதான் போவதற்கு எங்களுக்கு இடம் என்று எதுவும் இல்லை என்பது தெரிந்தது. கம்பெனிக்கும் ரேசன் கடைக்கும் நடந்தே போய்ப் பழகிய கால்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சோற்றைப் பொங்கி வைத்துவிட்டு, எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாமல், சும்மா கிளம்ப ஆரம்பித்தோம். முன்னால் போவது ஜாக்கெட் தைக்கிற செல்வநாயகி அக்கா, அவருக்குப் பின்னால் இட்லி மாவுக்கடை பர்வீன், அப்புறம் மில்லுக்குப் போகும் அக்கா தங்கச்சி மூன்று பேர், அப்புறம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் மேகலாக்கா, கடைசியில் நான். வண்டிகளுக்குச் சத்தம் கிடையாது. மயில்கள் எங்களைக் கண்டு ஒதுங்காமல் ரோட்டிலேயே நிற்கும், நாங்கள்தான் சுற்றிக்கொண்டு போவோம்.

முப்பது கிலோமீட்டர் தாண்டினால் திரும்பி வரச் சார்ஜ் பத்தாது. அதனால் பாதி வழியில் ஏதாவது ஒரு தோட்டத்து வீட்டில் நின்று, "ஏனுங்க்கா, கொஞ்சம் கரண்டு போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்போம், இல்லை என்று சொன்ன வீடு கிடையாது. ஆனால் எந்த வீட்டிலும் வாசலுக்கு எட்டுகிற மாதிரி ஒன்று அல்லது இரண்டு பிளக்குத்தான் இருக்கும். அதனால் வாய்க்கால் பாசனத்தில் முறைத் தண்ணி விடுவது போல நாங்கள் முறைக் கரண்டு வைத்துக்கொண்டோம். ஆளுக்குப் பத்து நிமிசம், யாருக்கும் கூட இல்லை, யாருக்கும் குறைவு இல்லை. மற்றவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசுவார்கள். எனக்குப் பத்துப் பேர் இருக்கும் இடத்தில் வாய் வராது என்பதால், முறை பார்க்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். வயரைப் பிடுங்கி அடுத்த வண்டிக்கு மாட்டிக்கொண்டே இருந்தால் யாரும் நம்மைப் பேச்சுக்கு இழுக்க மாட்டார்கள்.

அந்த வருசம் ஆடிக் காற்று அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரும்பி வரும் வழியில், பர்வீனின் வண்டி பேசியது. "உப்பே இல்ல" என்றது ஒரு ஆம்பளைக் குரல். "உங்கம்மா ஆக்குனா மட்டும் இனிக்குமாக்கும்" என்றது ஒரு பொம்பளைக் குரல். நாங்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தோம், கள்ளிவேலிதான் இருந்தது. வண்டி மேட்டில் ஏற ஏறச் சண்டை வேகமானது, இறக்கத்தில் நிதானமானது, நிறுத்தினால் நின்றது, கிளப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

"இது நாம சார்ஜ் போட்ட வீட்டுக்காரவியளாட்ட இருக்குதே" என்றாள் பர்வீன்.

"அடுத்த வீட்டுச் சமாச்சாரம், காதுல வாங்காம வாங்க" என்றார் செல்வநாயகி அக்கா. ஊர் வந்து சேரும்வரை ஏழு பேரும் ஒரு சொல் விடாமல் காதில் வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஒரு மாசத்துக்குள், ஊரில் எங்களுக்குப் பிறகு வாங்கியவர்கள் வண்டியும் சேர்த்து, எல்லார் வண்டியும் பேசியது. கரண்டு ஏறும்போது அந்த வீட்டில் என்ன சத்தம் இருந்ததோ அதுவும் சேர்ந்து ஏறியது, கரண்டு செலவாகும்போது அதுவும் செலவாகியது. போனது போனதுதான், இரண்டாம் தடவை வராது. செல்போனில் பதிந்து பார்த்தார்கள், வெறும் காற்றுச் சத்தம்தான் பதிந்தது. பாதிக் கரண்டு மிச்சம் இருக்கும்போது வேறொரு வீட்டில் போட்டால் மோரில் தண்ணீர் விட்ட மாதிரி இரண்டு வீடும் கலந்துவிடும், அப்புறம் பிரிக்க முடியாது. தாராபுரத்து ஷோரூமில் போய் மெக்கானிக்கிடம் கேட்டோம். அவர் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, செல்வநாயகி அக்கா வீட்டு டிவி சீரியலைக் கேட்டுவிட்டு இறங்கி, "ஓடலீன்னாத்தான் வாரண்டிங்க்கா, பேசறதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

ஊரும் பழகிக்கொண்டது. மருமகள் வண்டிக்கு வயர் மாட்டியதைப் பார்த்தால் மாமியார்கள் எழுந்து வெளியே போனார்கள். சில வீடுகளில் சார்ஜ் போடும் நேரத்தில் புருசன் பொண்டாட்டி ஒருவரை ஒருவர் வாங்க போங்க என்று பேசினார்கள். சிலர் வண்டியை மாட்டுக்கொட்டாயில் விட்டுச் சார்ஜ் போட்டு, ஊருக்குள் அசைபோட்டுக்கொண்டே போனார்கள். பள்ளிக்கூடத்துச் சத்துணவு அக்கா அங்கேயே சார்ஜ் போட்டுவிட்டு, வீடு வரைக்கும் ஏழாம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டு வருவார். ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் சார்ஜ் ஏற்றுகிற ஓட்டையில்தான் குரல் வந்தது என்பதால், மானம் போகிற மாதிரி ஏதாவது ஏறிவிட்டால் அதில் துணியைச் சுருட்டி அடைத்துக்கொள்ளலாம், உள்ளுக்குள்ளேயே பேசித் தீர்ந்துவிடும். செல்வநாயகி அக்கா வெட்டுத்துணியில் அதற்கென்று சின்னச் சின்ன உருண்டை தைத்து எல்லாருக்கும் கொடுத்தார். "வாய்க்கட்டு" என்று அதற்குப் பேரும் வந்துவிட்டது. புரட்டாசி பிறக்கும்போது யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மேகலாக்காவுக்கு ஒரே பெண், தனு. மூன்றரை வயசு. அவள் அப்பா வடக்கே லாரி ஓட்டுகிறவர், மாசத்துக்கு ஒரு தடவை வருவார். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை பொழுதோடு, விளக்கு வைக்கும் நேரத்தில், மேகலாக்கா வண்டியை வீட்டுக்குள் ஏற்றி, அடுத்த நாள் போவதற்காகச் சார்ஜ் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், "பாப்பாவுக்கு மேல் சுடுது, நீங்க போயிட்டு வாங்க" என்று போன் பண்ணினாள். நாங்கள் போய்விட்டு வந்தோம். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை பெரிய ஆஸ்பத்திரி, புதன்கிழமை மத்தியானம் அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். சின்னப் பிள்ளை என்பதால் அன்றைக்கே புதைத்துவிட்டார்கள். சடங்கு என்றும் பெரிதாக ஒன்றும் இல்லை. அழுவதற்குக்கூட நாள் வைத்துத் தரவில்லை.

இருபது நாள் கழித்து, கம்பெனிக்கு நடந்து போகத் தெம்பில்லாமல், மேகலாக்கா வண்டியை வெளியே உருட்டிச் சாவியைத் திருப்பினாள். சார்ஜ் நூறு என்று காட்டியது. வாசலைத் தாண்டவில்லை, "அம்மா, டிவில மாடு வந்துருச்சு பாரு" என்றது வண்டி.

அன்றைக்கு அவள் கம்பெனிக்குப் போகவில்லை. ஏரிக்கரை வரைக்கும் போய்விட்டு வந்தாள். அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். காலையில் ஒன்று, பொழுதோடு ஒன்று என்று மருந்து குடிக்கிற மாதிரி அவள் அந்தக் குரலைக் கேட்டாள், அவள் கேட்கிறபோது ஊரும் கேட்டது. அவள் வண்டி வருவதைக் கண்டால் டீக்கடையில் பாட்டை நிறுத்தினார்கள், பஸ் டிரைவர் ஆரன் அடிக்காமல் பின்னாலேயே ஊர்ந்து வந்தார், குடத்தோடு குழாயடியில் நின்றவர்கள் குழாயை மூடிவிட்டு நின்றார்கள். "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, ஒம்போது" என்று எண்ணிக்கொண்டே தனு தெருவில் போவாள். பால்வாடிப் பிள்ளைகள் மட்டும் ஜன்னலில் ஏறி, "தனு, தப்பு தப்பாச் சொல்றே" என்று கத்தும். அந்த டீச்சர் பிள்ளைகளை அடக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பார்.

சார்ஜ் முப்பத்தெட்டுக்கு இறங்கியபோது மேகலாக்கா வண்டியை நிறுத்திவிட்டாள். வீட்டுக்குள் ஏற்றி, மேலே ஒரு சேலையைப் போட்டு மூடி, சாவியைத் தாலிக்கொடியில் கோர்த்துக்கொண்டாள்.

சேர்த்து வைக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தோம். நான் ஒரு நாள் மத்தியானம் ரசமும் சோறும் எடுத்துக்கொண்டு போனேன். வண்டிக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்தேன். நான் போட்டு வைத்த சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டே பூங்கொடி. உனக்குத்தான் பேச்சே வராதே" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன்.

"முப்பத்தெட்டுல டம்ளர் உருளற சத்தம் கேட்டுச்சு. உடனே நிறுத்திட்டேன். பால் டம்ளர். அன்னைக்குத் தட்டி உட்டுட்டா. அடுத்தாப்பல நான் பேசுனதுதான் வரும்."

"என்ன பேசுனீங்க்கா?"

"எங்கியாச்சும் போய்த் தொலையேண்டி, உன்னோட ஒரே ரோதனைன்னேன்." சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாலாம் நாள் போயிட்டா."

"எல்லாரும் சொல்றதுதானுங்க்கா. நானுந்தான் சொல்லியிருக்கறேன்."

"உம்பட புள்ள இருக்கறா."

நான் தட்டை மறுபடியும் அவள் பக்கம் நகர்த்தினேன். அவளே சொன்னாள். "நான் சொன்னது எனக்குத் தெரியும். அது ஊருக்கே கேட்டாலும் கேட்டுட்டுப் போகுது. அதுக்கு அவ என்ன சொன்னாங்கறதுதான் தெரியல. அழுதாளா, மூலைல போய் நின்னாளா, ஒண்ணுமே ஞாபகமில்ல. நான் அடுப்பைப் பாத்துட்டு நின்னுட்டேன். அது இதுக்குள்ள இருக்குது." சேலை போர்த்திய வண்டியைத் தொட்டாள். "கேக்கோணும். கேக்கறதுக்குப் பயமா இருக்குது."

அன்றிலிருந்து மேகலாக்கா இருக்கும் இடத்துக்கு என் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போவதை நிறுத்திவிட்டேன்.

வண்டியை மூன்று மாசம் ஓட்டாமல் போட்டால் பேட்டரி செத்துவிடும், உள்ளே இருப்பது உள்ளேயே போய்விடும் என்று மெக்கானிக் சொன்னார். செல்வநாயகி அக்கா அதை அவளிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். "பாக்கலாமுங்க்கா" என்பாள். கார்த்திகை போனது. மார்கழி போனது. தனியாக அந்த வீட்டுக்குள் கிடந்தால் புத்தி பேதலித்துவிடும் என்று பயந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் போய் அவளை வண்டியோடு வெளியே கொண்டுவந்தோம்.

"சாவியைப் போட வேண்டாம் மேகலா. நீ உக்காந்தாப் போதும்" என்றார் செல்வநாயகி அக்கா.

சாவி போடாவிட்டால் கரண்டு செலவாகாது. வழியில் பெட்ரோல் தீர்ந்த பைக்கை இன்னொருத்தன் காலால் உந்தித் தள்ளிக்கொண்டு போவான் இல்லையா, அது மாதிரி ஒரு பக்கம் பர்வீனும் இன்னொரு பக்கம் நானும் அவள் வண்டியின் பின்னால் ஆளுக்கொரு காலை வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். கால் மாற்றிக் கால் மாற்றி, காத்தாடிக் காட்டையும், கடலை பறித்த செம்மண் காட்டையும், அமராவதி வாய்க்காலையும் அவளுக்குக் காட்டினோம். அவள் பேசவில்லை, அவள் வண்டியும் பேசவில்லை.

"உன்னைத் தள்ளித் தள்ளி என் ஒரு காலு மட்டும் யானைக்காலாட்டம் ஆயிருச்சு. எங்க வீட்டுக்காரரு செருப்பு எடுத்துத் தர மாட்டேங்கறாரு" என்றாள் பர்வீன்.

மேகலாக்காவுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்துவிட்டு நாங்கள் அடுத்த வாரமும் போனோம், அதற்கு அடுத்த வாரமும் போனோம்.

தை மாசம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, நாலைந்து தோட்டத்து வீடுகள் மட்டும் இருக்கிற ஒரு வலசில், முருங்கைக்காட்டுக்கு நடுவில் இருந்த வீட்டில் நின்றோம். அந்த வீட்டு அக்கா உள்ளே கிரைண்டரில் மாவு ஓட்டிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரே ஒரு பிளக்கு இருந்தது. மற்றவர்கள் கிணற்றடிக்குக் கை கால் கழுவப் போனார்கள். நான் வயரை எடுத்துச் செல்வநாயகி அக்கா வண்டிக்கு மாட்டினேன், பத்து நிமிசம். பர்வீன் வண்டி, பத்து நிமிசம். அப்புறம் வரிசையில் நின்ற மூன்றாவது வண்டிக்கு மாட்டினேன். பந்தியில் சோறு போட்டுக்கொண்டு வருகிறவள் ஒரு இலையைத் தாண்டிப் போவாளா? ஒருத்தரை விட்டு இன்னொருத்தருக்குப் போடும் பழக்கம் எங்கள் கூட்டத்தில் இல்லை. என் கைக்குத் தெரிந்தது ஏழு வண்டி, ஏழு முறை, அவ்வளவுதான். மேகலாக்கா சொன்னதை எல்லாம் கேட்டது என் காது, அது என் கைக்குப் போய்ச் சேரவில்லை.

கிணற்றடியிலிருந்து முதலில் வந்தது பர்வீன். ஈரக்கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"பூங்கொடி, அது மேகலா வண்டி."

நான் வயரைப் பிடுங்கினேன். மேகலாக்கா வந்து, தாலிக்கொடியிலிருந்து சாவியை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். நாற்பத்தொன்று. கூடவந்த மூன்று அந்த வீட்டுடையது. உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

யாராவது என்னைத் திட்டியிருந்தால் தேவலை. யாரும் திட்டவில்லை. நான் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த வீட்டு அக்கா வெளியே வந்து, "என்னாச்சுங்க அம்மிணி, கரண்டு கிரண்டு அடிச்சுருச்சா?" என்று கேட்டார். செல்வநாயகி அக்கா தணிந்த குரலில் இரண்டு வார்த்தையில் சொன்னார். அந்த அக்கா உள்ளே போய்க் கிரைண்டரை நிறுத்திவிட்டு, தன் வீட்டு வாசற்படியிலேயே ஒறம்பரையாக விருந்துக்கு வந்தவர் மாதிரி ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார்.

மேகலாக்கா வண்டியில் சாய்ந்து நின்றாள். பிறகு, "இன்னும் வெச்சிருந்தா இன்னும் என்னென்ன கலக்குமோ. போலாம்" என்றாள். என்னைப் பார்த்து, "அழுவாத. நீ பக்கத்துலயே வா பூங்கொடி. எனக்கு என் காது மேல நம்பிக்கையில்ல, உன் காதும் வேணும்" என்றாள்.

ஆறு பேரும் எங்கள் வண்டிகளுக்கு வாய்க்கட்டை அடைத்தோம். அவள் சாவியைத் திருப்பினாள்.

முதலில் டம்ளர் உருண்டு நின்றது. பிறகு மேகலாக்காவின் குரல், நாங்கள் கேட்டுப் பழகிய அதே குரல்தான், கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த அலுப்போடு, "எங்கியாச்சும் போய்த் தொலையேண்டி, உன்னோட ஒரே ரோதனை" என்றது. முன்னால் போன செல்வநாயகி அக்காவின் முதுகு ஒரு தடவை குலுங்கியது. மேகலாக்கா தலையைக் குனிந்து, காதை ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நானும் என் வண்டியை ஒட்டி ஓட்டி, உடம்பைச் சாய்த்துக் காதைக் கொடுத்தேன்.

கிரைண்டர் ஓடியது. கல் உருளும் சத்தம், அதற்கு மேலே, "ஏனுங், ரெண்டே கால் பஸ்ஸு போயிருச்சுங்களா?" என்று யாரோ வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கேட்கும் சத்தம், "இன்னும் இல்லீங்" என்று பதில் சத்தம். அதற்கெல்லாம் அடியில் நூல் மாதிரி தனுவின் குரல் ஓடியது. அழுகிறாளா, பாடுகிறாளா, கெஞ்சுகிறாளா, தெரியவில்லை. ஒரு பாலத்திலிருந்து அடுத்த காத்தாடி வரைக்கும் கிரைண்டர் ஓடியது, அந்தத் தூரத்தில் தனு சொன்னது எதுவோ அது சொல்லி முடிந்துவிட்டது.

"என்ன சொன்னா?" என்றாள் மேகலாக்கா.

ஏழு பேரில் பேசவே தெரியாதவளின் வாயை அன்றைக்கு எல்லாரும் பார்த்தார்கள். செரிம்மா என்று சொன்னாள் என்று நான் சொல்லியிருக்கலாம். அழவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"கேக்கலீங்க்கா. என்னாலதான் கேக்கல" என்றேன்.

அவள் ரோட்டையே பார்த்தாள். அப்போது கிரைண்டர் நின்று, தோசைக்கரண்டிச் சத்தம் வந்து, "அம்மா, தோசை கருகுது பாரு" என்றது வண்டி, ஒரு வருத்தமும் இல்லாத குரலில், தனக்கு அடுப்பு வேலை தெரியும் என்கிற பெருமையில். "ஆமாஞ்சாமி, நாம் பாக்கவே இல்ல, நல்லவேளை சொன்னே" என்றது மேகலாக்காவின் குரல். "எனக்கு அந்தக் கருகுனது வேணும்." "வயித்த வலிக்கும்டி." "கொஞ்சூண்டு." "இந்தா, கொஞ்சூண்டு."

அதை அவள் மறந்து போயிருந்தாள். சாமி என்று கூப்பிட்டதை மறந்து போயிருந்தாள். மூன்று மாசமாக அந்த ஒரு பேச்சை மட்டும் நினைவில் வைத்து, அடுத்த நிமிசத்தைத் தொலைத்திருந்தாள். வண்டியை ஓட்டிக்கொண்டே வாயைத் திறந்து அழுதாள், சத்தம் தோசைக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று சத்தமில்லாமல் அழுதாள். கருகிய தோசை கிடைத்தது சரி, அதற்கு முன்னால் பாலத்துக்கும் காத்தாடிக்கும் நடுவில் அந்தப் பிள்ளை என்ன சொன்னாள் என்பது கிடைக்கவில்லை. அது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவை அந்தப் பாலத்தைத் தாண்டும்போதும் என் கை வண்டியின் பிரேக்கைப் பிடிக்கிறது, இறங்கித் தேடினால் கிடைக்குமா என்கிற மாதிரி.

அவள் நிறுத்தவில்லை. எங்கள் ஊர் எல்லை வந்தது, தாண்டிப் போனாள். நாங்களும் போனோம். மில்லுக்குப் போகிறவர்களில் இரண்டு பேர் வண்டி தீர்ந்து நின்றது, ஓரமாக விட்டுவிட்டு மற்றவர்கள் பின்னால் ஏறிக்கொண்டார்கள். தனு சாப்பிட்டாள், தண்ணீர் கேட்டாள், ரோஸ் கலர் கிளிப்பைத் தலையிலேயே வைத்துக்கொண்டுதான் தூங்குவேன் என்று அடம் பிடித்தாள், லாரி எங்கே போகுது என்று கேட்டாள், நாளைக்கு ஞாயித்துக்கிழமையா என்று கேட்டாள். இடையிடையே கிரைண்டர் வந்து ஒன்றிரண்டு சொல்லைத் தின்றுவிட்டுப் போனது. சார்ஜ் பதினாலு, பன்னிரண்டு, பத்து என்று இறங்கிக்கொண்டே வந்தது. பொழுது சாய்ந்து காத்தாடி நிழல்கள் ரோட்டில் நீளமாக விழுந்து சுற்றிக்கொண்டிருந்தன.

எட்டுக்குக் கீழே பேச்சு இல்லை. தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். ஆனால் நம்பர் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. மேகலாக்கா கையை உயர்த்திக் காட்டினாள், கேட்கச் சொல்லி. மூச்சுச் சத்தம். கொஞ்சம் மூக்கடைப்போடு, சின்னதாக, ஒரே சீராக, ஒரு பிள்ளை தூங்கும் மூச்சு.

யாரும் யாருக்கும் சொல்லவில்லை, எல்லாரும் வேகத்தைக் குறைத்தோம். செல்வநாயகி அக்கா ரோட்டில் இருந்த குழிகளைக் கையால் காட்டிக்கொண்டே முன்னால் போனார், வண்டி அலுங்காமல் இருக்கட்டும் என்று. பர்வீன் இருமலை அடக்கிக்கொண்டாள். மேகலாக்கா ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, இன்னொரு கையால் சீட்டின் ஓரத்தை மெதுவாகத் தட்டிக்கொண்டே போனாள். மூன்று, இரண்டு, ஒன்று. வண்டி தானாக ஓரம் ஒதுங்கி நின்றது. அவள் கை மட்டும் நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தது.